டிக்கெட் கவுண்டரில் டில்லி

டில்லியில் இருப்பவர்களைவிட டில்லியை அதிகம் நம்பியவர் எங்கள் டில்லி அண்ணன்தான். வடக்கே அவர் பல்லாவரத்தைத் தாண்டியதாகத் தகவல் இல்லை.

பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சி, பெயர் வேண்டாம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வறட்சிக் காலம். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், அங்கே மோட்டார் ரூமில் தண்ணீர் திறந்துவிடும் தினக்கூலி. எதிரே அண்ணனின் பஞ்சர் கடை. தெருவிளக்கு எரியவில்லையா? "டில்லி குடுக்கணும்பா." கொசு மருந்தா? டில்லி குடுக்கணும். சைக்கிளுக்குக் காற்று கேட்டால் மட்டும், "எட்டணா."

அந்தக் கோடையில் பேரூராட்சியிடம் காசில்லை. கரண்ட் பில் கட்டாததால் மோட்டாருக்கு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். எனக்குக் கூலி நின்றது, தெருவுக்குத் தண்ணீர் நின்றது. கூலி இல்லாமல் இருந்து எனக்குப் பழக்கம் உண்டு.

தெருக்கோடியில் ரிட்டயரான பேங்க் சார் ஒருவர் இருந்தார். டில்லி கொடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி.

"ஒரு தடவை தூக்கிவிட்டா கெட்டுப் போயிடுவாங்க. வரியை ஒழுங்கா வசூல் பண்ணட்டும்."

"இன்னா சார் பேசறீங்க? வுழுந்தவன மேல கீறவன் தூக்க மாட்டானா?"

"சரி, டில்லியே விழுந்தா?"

அண்ணன் டியூபைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நம்மதான் தூக்கணும். வேற யாரு கீறாங்க?"

மறுநாள் சலவைச் சட்டை போட்டு, காலிக் குடத்தைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு, என்னையும் சைக்கிளில் ஏற்றித் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனார். "ரயிலு யார்து? சென்டரோடது. அப்ப இதான் டில்லியோட நம்மூரு வூடு."

வரிசையில் நின்றோம். கவுண்டர் அம்மா நிமிராமல், "எங்க போகணும்?" என்றார்.

"எங்கியும் போவல மேடம். எங்க ஊரு கஜானா காலி. தண்ணி இல்ல. டில்லிக்குச் சொல்லுங்க."

"டில்லிக்கு ரிசர்வேஷன் அந்தப் பக்கம்."

"யோவ், வண்டி வருதுய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அண்ணன் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அந்த அம்மா குடத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்துக்கோங்க. உள்ள குழாயில தண்ணி வருது. புடிச்சிக்கிட்டுப் போங்க."

"டில்லி குடுத்துடுச்சு!" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டே வந்தவர், நேராகப் போனது பேங்க் சார் வீட்டுக்கு. சாரின் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தார். வீட்டில் கஞ்சி வைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

"புடிங்க சார். கெட்டுப் பூட மாட்டீங்க."

சார் பானையை நீட்டினார்.

பிறகு ஒருநாள் மோட்டார் ஓடியது. பணம் எங்கிருந்து வந்ததென்று எங்கள் யாருக்கும் சொல்லப்படவில்லை. அதுவரை தினமும் காலையில் அண்ணன் பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ ஊர்களில் கூலிக்கு நின்றிருக்கிறேன். ஊருக்காக வரிசையில் நின்ற இன்னொரு மனுஷனை நான் பார்க்கவில்லை.