ஊமைக்காற்றும் மூன்றாம் மேசையும்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

ஜன்னலோரச் சுழல் நாற்காலியில் நாத ஞானி. அந்த நாற்காலியின் சொந்தக்காரரான மேனேஜர், அலமாரியின் மேல்தட்டை எட்டுவதற்காக வாங்கிப் போட்ட முக்காலியில். முதல் மேசையில், இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள பெரியக்கா. இரண்டாம் மேசையில், யார் எதைச் சொன்னாலும் "ஆமாமா" போட்டுப் போட்டு ஆமாமா என்றே பேர் வாங்கிவிட்ட டைப்பிஸ்ட். வராண்டாவில் இடம் பிடித்தவர்கள் சுமார் முப்பது பேர். பக்கத்துப் பல் ஆஸ்பத்திரி, எதிர் அறை டிரைவிங் ஸ்கூல், கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடை என்று கட்டடமே கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தது. வாயில் பஞ்சோடு, பாதிப் பல் பிடுங்கிய நிலையில் ஒரு நோயாளியும் நின்றார். டாக்டரே இங்கே நிற்கும்போது அவர் மட்டும் அங்கே உட்கார்ந்து என்ன செய்வார்?

மூன்றாம் மேசை காலி. அந்த மேசைக்காரியைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள். காலடியில் டிபன் பை, தோளில் கைப்பை. போகச் சொன்னால் உடனே போவதற்கு வசதியாக.

நாத ஞானி என்பது ஊர் வைத்த பேர் அல்ல. அவரே அட்டையில் அச்சடித்துக்கொண்ட பேர். சத்தம் போன கம்ப்யூட்டர்களுக்குச் சத்தம் வரவழைப்பவர். ஸ்க்ரூ டிரைவர் தொட மாட்டார். ஒரு கறுப்புத் துணி, ஒரு செம்புக்கோல், அவ்வளவுதான். போன மாதம் பல் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரைப் பேச வைத்தார். அதற்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் கடையினுடையதை. கட்டணம் கேட்க மாட்டார். கனமான உறையாகக் கொடுத்தால் மறுக்கவும் மாட்டார்.

அந்த அலுவலகத்தில் வேலையே காதால்தான். வழக்குகளில் சாட்சிகள் பேசிய பதிவுகள் வரும். அவற்றைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்க வேண்டும். மூன்று பேருக்கு மூன்று லேப்டாப். திங்கட்கிழமை காலை மூன்றும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. படம் ஓடுகிறது, சாட்சியின் உதடு அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு சாட்சியம் போயாக வேண்டும். மேனேஜர் செவ்வாய்க்கிழமையே ஞானியை அழைத்து வந்துவிட்டார்.

ஞானி மூன்று லேப்டாப்பையும் முகர்ந்து பார்த்தார். ஆமாம், முகர்ந்துதான்.

"இது கோளாறு இல்ல. ஊமைக்காற்று. யாரோ ஒருத்தரோட மூச்சு வழியா உள்ள போயிருக்கு."

"ஆமாமா, எனக்கும் காலையிலிருந்து ஒரு மாதிரி இருந்தது" என்றான் ஆமாமா.

அப்போதுதான் மூன்றாம் மேசைக்காரி வாயைத் திறந்தாள். "ஐயா, ஒரு சந்தேகம். சனிக்கிழமை இலவசமா தூசி ஊதித் தர்றேன்னு வந்து இந்த மூணையும் தொட்டது நீங்கதானே? அதுக்கப்புறம் திங்கட்கிழமைதானே திறந்தோம்?"

ஞானி கண்ணை மூடினார், திறந்தார். செம்புக்கோலை நீட்டினார். அது நேராக அவள் மூக்குக்கு எதிரே வந்து நின்றது.

"இந்த அம்மா மூச்சுதான்."

எத்தனை வேகமான ஞானம் பாருங்கள்! கேள்வி கேட்காத இரண்டு பேரின் மூச்சும் சுத்தம். கேட்டவள் மூச்சில் மட்டும் ஊமைக்காற்று.

மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "வியாழக்கிழமை நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா. நீ தள்ளி நின்னு சத்தம் வந்துடுச்சுன்னா, அப்புறம் நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல. வேற எங்கயாவது பார்த்துக்கோ" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் கணவன் வேலை பார்த்த கம்பெனி மூடி ஐந்து மாதம். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அந்த மேசையின் நாலு காலில்தான் நின்றுகொண்டிருந்தன. அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நீ ஏன் வாயைக் கொடுத்தே?"

"கேள்விதானே கேட்டேன்?"

"அதைத்தான் சொல்றேன்."

மளிகைச் சீட்டுக்குக்கூட எண் போட்டு எழுதுகிறவள் அவள். புதன்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டாள்.

ஒன்று, சத்தத்தின் அளவு முழுதாக இருக்கிறதா? இருக்கிறது. இரண்டு, ஒலியை அடக்கும் பட்டன் அமுங்கியிருக்கிறதா? இல்லை. மூன்று, சத்தம் எங்கே போகிறது? திரையின் மூலையில் இருந்த ஒலிக்குறியை அழுத்திப் பார்த்தாள். 'ஹெட்போன்' என்று எழுதியிருந்தது.

இதுதான் வேடிக்கை. அந்த அலுவலகத்தில் ஹெட்போனே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் மேனேஜர் மூன்று தடவை கூப்பிட்டும், காதை அடைத்துக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அன்றே எல்லா ஹெட்போனையும் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். 'ஹெட்போன் அணியக் கூடாது' என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டினார். அன்றிலிருந்து லேப்டாப்பின் விலாப்புறத்து ஹெட்போன் ஓட்டையை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மிஷின் மூச்சு விடும் ஓட்டை என்று பெரியக்கா நம்பிக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த அறிவிப்பைத் தூசி ஊத வந்தவர் மட்டும் நன்றாகப் படித்திருந்தார்.

அவள் போனின் டார்ச்சை அடித்துத் தன் லேப்டாப்பின் ஓட்டைக்குள் பார்த்தாள். உள்ளே ஏதோ மின்னியது. பல்குச்சி நுனியில் பசை வைத்து, ஐந்து நிமிஷம் மூச்சடக்கிப் பிடித்து, மெல்ல இழுத்தாள். வந்தது ஒரு துண்டு. ஹெட்போன் முள்ளின் நுனி, அரை விரக்கடை நீளம். அது உள்ளே இருக்கும்வரை லேப்டாப் தன் காதில் யாரோ ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்து, சொந்த ஸ்பீக்கரை அடைத்து வைத்திருந்தது.

துண்டை மேசையில் வைத்தாள். அது சறுக்கிக்கொண்டே போய்க் காந்த மூடி போட்ட குண்டூசி டப்பாவில் ஒட்டிக்கொண்டது. சாதாரண ஹெட்போன் முள் பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. இது யாரோ இரும்பில் கடைந்து செய்தது.

லேப்டாப்பில் பதிவை ஓட விட்டாள். சத்தம் கணீரென்று வந்தது.

ஓடிப் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். சொன்னால் என்ன நடக்கும்? 'பார்த்தியா, ஞானியோட சக்தி ஒரு நாள் முன்னாடியே வந்துடுச்சு' என்பார்கள். பெரியக்கா சத்தியமே செய்வாள். ஆகவே அவள் ஒரே ஒரு பட்டனை அழுத்தினாள், ஒலியை அடக்கும் பட்டனை. ஒலிக்குறியின் மேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது. கண் திறந்திருக்கிற எவருக்கும் தெரியும் அளவில். பதிவு திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டு வைத்தாள். துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. ம்ம்ம்னு சொல்லுங்க. கண்ணைத் திறந்தவங்க காதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார் ஞானி.

முப்பது பேர் கண்ணை மூடினார்கள். படித்தவர்கள் இன்னும் இறுக்கமாக மூடினார்கள். "ம்ம்ம்" என்று கட்டடமே தேனீக்கூடு மாதிரி அதிர்ந்தது. முதல் மேசை லேப்டாப்பின் மேல் கறுப்புத் துணி விழுந்தது. துணிக்குள் கையும் கோலும் போயின. கால் நிமிஷம் ஆகவில்லை. துணியை உருவினார். பதிவில் இருந்த பெண்மணி ஒருத்தி, "எங்க வீட்டு ஆட்டை அவங்கதான் ஐயா பிடிச்சிட்டுப் போனாங்க" என்று அழத் தொடங்கினாள்.

"வந்துடுச்சு!" பெரியக்கா தானும் அழுதுவிட்டாள்.

"ஆமாமா!"

இரண்டாம் மேசையும் பேசியது. கைதட்டல் அடங்க நேரமானது. ஞானி கம்பீரமாக மூன்றாம் மேசைக்கு வந்தார். துணி விழுந்தது. "ம்ம்ம்" எழுந்தது. கால் நிமிஷம் போனது. அரை நிமிஷம். துணிக்குள் கை இப்படித் துழாவியது, அப்படித் துழாவியது. "ம்ம்ம்" போட்டவர்களில் பாதிப்பேருக்கு மூச்சு முட்டி இருமல் வந்துவிட்டது.

துணியை உருவினார். சத்தம் இல்லை.

ஞானி செம்புக்கோலைக் கதவுப் பக்கம் நீட்டினார். "அந்த அம்மா இங்க நிக்கறாங்களே, எப்படி வரும்? வெளியே போகச் சொல்லுங்க."

"நான் வராண்டாவுக்குப் போறேன் சார்" என்று அவளே சொன்னாள்.

வராண்டாவிலும் அவள் மூச்சு எட்டியது. படிக்கட்டுக்கு அனுப்பினார்கள். படிக்கட்டிலும் எட்டியது. தெருவுக்கு இறக்கினார்கள். துணி விழுந்தது, எழுந்தது. சத்தம் இல்லை.

மேனேஜர் ஜன்னலில் தலையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போம்மா!"

"எவ்வளவு சார்?"

மேனேஜர் உள்ளே திரும்பிக் கேட்டுவிட்டு மறுபடி தலையை நீட்டினார். "அந்தக் கரண்ட் கம்பத்துக்கு அந்தப் பக்கம்!"

போனாள். வரவில்லை.

"அவ டிபன் பை இங்க இருக்கு ஐயா! அதுல அவ மூச்சு இருக்குமோ?" என்று பெரியக்கா கண்டுபிடித்தாள். டிபன் பையும் தெருவுக்குப் போனது. அப்புறம் அவள் தண்ணீர் பாட்டில். அப்புறம் அவள் உட்கார்ந்த நாற்காலி. ஆமாமா அதைத் தலையில் சுமந்து மூச்சிரைக்க இறக்கிக் கொடுத்தான். அவள் அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். மேலே துணி ஏழு தடவை விழுந்து எழுந்தது. சாட்சி வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் கழித்து அவள் எழுந்தாள். மெல்லப் படியேறி உள்ளே வந்தாள்.

"ஏம்மா, உன்னை யார் வரச் சொன்னது?" என்றார் மேனேஜர்.

"சார், நான் கரண்ட் கம்பம் தாண்டிப் போயும் சத்தம் வரல. அப்ப நான் காரணமில்லன்னு ஆயிடுச்சா இல்லையா?"

மேனேஜர் முக்காலியில் நெளிந்தார்.

"இப்ப நான் பக்கத்துலயே நிக்கறேன். மூச்சும் விடறேன். யாரும் கண்ணை மூடாதீங்க." குனிந்து லேப்டாப்பின் மேல் நன்றாக ஊதினாள். அப்புறம் பட்டனை அழுத்தினாள்.

முழு அளவில் வெடித்தது ஒரு கிழவரின் குரல்: "என் ரெண்டு கண்ணால பார்த்தேன் ஐயா! இவன் பக்கா ஃபிராடு!"

எல்லைச் சுவரை நகர்த்திய பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றித்தான் கிழவர் சொன்னார். ஆனால் முப்பது தலையும் ஞானி பக்கம் திரும்பின.

"அம்மா என்னவோ செய்வினை..." என்று ஆரம்பித்தார் ஞானி.

"செய்வினை இல்லீங்க. ஒலியை அடக்கி வெச்சிருந்தேன். திரை மூலையில பெருக்கல் குறி போட்டிருந்தது. ஊமைக்காற்றை முகர்ந்தே பிடிக்கிறவருக்கு அது தெரியலையா?" குண்டூசி டப்பாவைத் திறந்து அவர் கோலின் நுனிக்கு நேரே நீட்டினாள். ஊசிகள் எல்லாம் எழும்பிப் பாய்ந்து கோலில் ஒட்டின. கோல் முள்ளம்பன்றி ஆகிவிட்டது. "செம்புல காந்தம் எப்படிங்க வந்தது? சரி, இடது கையைக் கொஞ்சம் விரிங்க."

ஞானி விரிக்கவில்லை. பல் டாக்டர் விரித்தார். திறக்க மறுக்கும் வாய்களோடு பழகிய கை அவருடையது. உள்ளங்கையில் இரண்டு துண்டுகள். அவள் கைப்பையிலிருந்து மூன்றாவதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மூன்றும் ஒரே அச்சு. ஜெராக்ஸ் கடைக்காரர் ஞானியின் பையைக் கவிழ்த்தார். பொட்டுக்கடலை மாதிரி பொலபொலவென்று கொட்டின.

"அடப்பாவி! என் கடைக்கும் தூசி ஊத வந்தியேய்யா!"

கூட்டம் சத்தம் போட்டதே, அந்தச் சத்தத்துக்கு எந்த ஞானியும் தேவைப்படவில்லை. செம்புக்கோலை ஊசிகளோடு விட்டுவிட்டு, நாத ஞானி படிக்கட்டை மூன்று மூன்றாகத் தாண்டினார். ஜெராக்ஸ் கடைக்காரர் பின்னாலேயே ஓடித் தெருவில் சட்டையைப் பிடித்து, போலீஸ் வரும்வரை அவள் விட்டுவந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எது எப்படியோ, அவர் கை பட்டதும் சத்தம் வந்ததே தங்கச்சி?"

"பூட்டினவர் திறந்தார் அக்கா. அதுக்கா அழுதீங்க?"

"ஆமாமா" என்றான் ஆமாமா, யாருக்கு என்று சொல்லாமல்.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் வந்தார். "உட்காரும்மா. உன் மேசை உன்னுதுதான், அதுல பேச்சில்ல. ஆனா இது நம்மளோடயே முடியட்டும். வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்க."

மேசையில் கொட்டிக் கிடந்தவற்றுக்கு நடுவே ஞானியின் சிறு நோட்டு ஒன்று கிடந்தது. அவள் புரட்டினாள். அதே நிறுவனத்தின் இன்னும் நான்கு கிளைகளின் விலாசம் இருந்தது. இரண்டுக்கு நேரே 'தூசி ஊதியாயிற்று' என்று குறித்திருந்தார்.

"அங்கே இன்னைக்கு யாரைக் கதவோரம் நிக்க வெச்சிருக்காங்களோ சார்" என்றாள். "சிரிக்கட்டும். நான் எழுதறேன், நீங்க கையெழுத்துப் போடுங்க."

மேனேஜர் நோட்டை வாங்கி அந்த இரண்டு விலாசத்தையும் படித்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.

நான்கு கிளைக்கும் ஒரே வாசகம். தேதி, பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு எழுதினாள். டார்ச்சால் ஓட்டையைப் பார்க்கும் விதம், துண்டை எடுக்கும் விதம், சத்தம் எங்கே போகிறது என்று திரையில் பார்க்கும் இடம், எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தாள். இந்தக் கிளையில் ஏமாந்தவர்கள் யார் யார் என்பதையும், முக்காலியில் இருந்தவர் உட்பட, விடாமல் குறித்தாள். கடைசிப் பத்தி இது:

'சத்தம் நின்றால் மிஷினைச் சோதியுங்கள், மனுஷியைச் சோதிக்காதீர்கள். கேள்வி கேட்டவரை வெளியே அனுப்பச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், முதலில் அவருடைய கையை விரித்துப் பாருங்கள். கண்ணை மூடச் சொன்னால் மூடாதீர்கள். அது பார்ப்பதற்காக இருக்கிறது.'

மேனேஜர் வாசித்தார், கையெழுத்திட்டார். அவள் நான்கு தாளையும் மடித்து நான்கு உறையில் இட்டு, விளிம்பில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். அரக்கு முத்திரை குத்தினாள். மாலைத் தபால் கட்டும் முன்பே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டாள்.