யாசு தைத்த சட்டை

சட்டையின் வலது கையை எலி கடித்துவைத்திருந்தது. டோகுஜி ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு புத்தர் மாடத்திலிருந்த மனைவியின் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“முறைக்காத, யாசு. நாளைக்கு உன் வருஷத் திதிக்கு இதைத்தான் போட்டுக்கிட்டு கோயிலுக்கு வரப்போறேன்.”

வடஜப்பானின் ஆவோமோரிக் குளிருக்கென்று, நீலப் பருத்தித் துண்டுகளை ஒட்டுமேல் ஒட்டாக வைத்து அவருக்காக யாசு தைத்த சட்டை. “இதைப் போட்டா ஊரே என்னைப் பிச்சைக்காரன்னு சொல்லும்” என்று தூக்கி எறிந்தவர் அவர். அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். இன்றைக்குத்தான் அவளுடைய துணிப்பெட்டியின் அடியிலிருந்து அது கிடைத்தது. ஒரு நாளாவது போட்டுக் காட்டியிருக்கலாம். பாவி, ஒரே ஒரு நாள்.

எலி நாற்றம் போகட்டுமென்று வாஷிங் மெஷினில் போட்டார். பாதி ஒட்டுகள் கழன்று தனியாக நீந்தின. மிச்சத்தைக் கணப்பின்மேல் காயப்போட்டார். முதுகில் தட்டு அகலத்துக்குக் கருகியது.

“ஏதாவது சொல்லேன்டி!”

படம் வழக்கம்போல் சிரித்தது.

ஒட்டுப்போடப் பழைய நீலத்துணி வேண்டும். கொட்டகையில் ஆப்பிள் பெட்டிகளைப் போர்த்தியிருந்த கந்தல் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து வெட்ட உட்கார்ந்தார். அதிலும் ஒட்டுமேல் ஒட்டு, இழைக்கு இழை தையல்.

“எந்தப் புண்ணியவதி தச்சாளோ, கத்தரியே எறங்க மாட்டேங்குது!”

ஒருவழியாகத் துண்டுதுண்டாக நறுக்கி, மடியில் வைத்துத் தைத்து முடித்தார். எழுந்தபோது சட்டைக் கையும் கூடவே எழுந்தது. கால்சட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

முள்ளங்கி ஊறுகாயோடு வந்த பக்கத்து வீட்டுக் கினு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னண்ணே, தொடையில கை மொளைச்சிருக்கு?”

“சிரிக்காத கினு. யாசு எனக்காகத் தச்சது. அவ இருந்தப்ப போடல. நாளைக்காவது போட்டுக்கிட்டு அவ முன்னால நிக்கணும்.”

கினு குனிந்து சட்டையின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தரையில் கிடந்த நறுக்கல்களைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுபோயிற்று.

“அண்ணே... இது எங்க வீட்டுக்காரரு சட்டை, கிழிசல் தைக்க அக்காகிட்ட குடுத்திருந்தேன். உங்களுக்குத் தச்சதை நீங்க வேணாம்னதும், ஆப்பிளாவது குளிராம இருக்கட்டும்னு அக்கா பெட்டிமேல போத்திவிட்டாங்களே!”