நான்கு விரல் உயரம்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குச் சைக்கிளின் சீட்டுக் கம்பி, கிடங்குக் கண்காணிப்பாளரின் கையில் தனியாகவும், சைக்கிள் அவர் எதிரில் தனியாகவும் இருந்தன. மறுநாள் காலை ஏழு மணிக்குள் இரண்டும் ஒன்றுசேர்ந்தாக வேண்டும்.

அது சாதாரணச் சைக்கிள் அன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன், நகரத்துச் சைக்கிள் சங்கம் நடத்திய முதல் பந்தயத்தில் கோப்பை வென்ற வண்டி. ஒரு கையில் கோப்பையும் மறு கையில் சைக்கிளுமாக அப்பா நிற்கும் படம் இன்றும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. சங்கத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்குப் பழைய பந்தய வண்டிகள் எல்லாம் பழைய பாதையில் ஒரு சுற்று வரவேண்டும் என்று அழைப்பு வந்திருந்தது. நாற்பத்தொரு வயதுக் கண்காணிப்பாளர், அப்பாவின் வண்டியைத் தாமே ஓட்டப்போவதாகக் கிடங்கு முழுவதும் சொல்லிவைத்தார். ஆறு பேர் பார்க்க வருவதாக வாக்களித்திருந்தார்கள்.

மூன்று மாதங்கள் துருவைச் சுரண்டி, செயினை மாற்றி, நீல வண்ணம் பூசி, வண்டியைக் கண்ணாடிபோல் ஆக்கியாயிற்று. ஒரே குறை, சீட்டு மிகத் தாழ்வாக இருந்தது. அவரும் அப்பாவுமோ வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்ளும் உயரம்.

"இவ்வளவு தாழ்வா வெச்சுக்கிட்டு எப்படிப்பா ஓட்டினீங்க?"

அப்பா செய்தித்தாளை மடித்தார். "அது என்னன்னா, நான் அப்போ..."

"போதும்ப்பா. உங்க தன்னடக்கம் எனக்குத் தெரியாதா?"

அப்பா செய்தித்தாளை மீண்டும் விரித்தார்.

பழைய கம்பி குட்டை என்பதால் கண்காணிப்பாளர் நீளமான புதிய கம்பி ஒன்றை வாங்கி வந்திருந்தார். அது ஒரு மயிரிழை மெலிந்தது. ஏறி உட்கார்ந்தால், மின்தூக்கியில் போவதுபோல் நிதானமாகக் கீழே இறங்கிற்று. அதைத்தான் அவர் இப்போது உருவிக் கையில் வைத்திருந்தார். பழச்சாற்று டப்பாவிலிருந்து ஒரு தகடு வெட்டிக் கம்பியைச் சுற்றி, சுத்தியலால் அடித்து இறக்கினார். இறங்கிற்று. அதன்பின் மேலும் வரவில்லை, கீழும் போகவில்லை. சீட்டின் மூக்கு இடப்பக்கம் திரும்பி நின்றது.

அம்மா வந்து பார்த்தார். "சீட்டு யாரைப் பாக்குது?"

"பக்கத்து வீட்டை."

"பழைய கம்பி எங்கே?"

"அது குட்டைம்மா. குப்பையில போட்டுட்டேன்."

அம்மா குப்பைத் தொட்டியின் பக்கம் போனார்.

இறுகிய கம்பியை இளக்க, கண்காணிப்பாளர் எண்ணெய் ஊற்றினார். பாதி குழாய்க்குள் போயிற்று. மீதி வழிந்து பின்சக்கரத்து ரிம்மில் பரவிற்று. சீட்டு அசையவில்லை, பிரேக் போய்விட்டது. முன்பு ஒழுங்காக உட்காரத்தான் முடியவில்லை; இப்போது ஓடினால் நிற்கவும் முடியாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவினார். பிரேக் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

"பிரேக் கட்டையைக் கழட்டி மணல் தாள்ல தேய்டா," என்றார் அம்மா. "ரிம்மை மண்ணெண்ணெய் தொட்டுத் துடை. சோப்பு போட்டா கத்தத்தான் செய்யும்."

"அம்மா, இது பாத்திரம் தேய்க்கிற வேலை இல்ல."

"சரி," என்றார் அம்மா.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அப்பா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஞாயிறு காலை, கண்காணிப்பாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டே மைதானத்துக்குப் போனார். கிடங்கு நண்பர்கள் ஆறு பேரும் 'கோப்பை வென்றவரின் மகன்' என்று எழுதிய அட்டையுடன் நின்றிருந்தார்கள்.

"ஏன் சார் தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

"பழைய வண்டி. வீணா ஓட்டித் தேய்க்கக் கூடாது."

கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, சங்கத்தின் எண்பது வயது நேரக் கணக்காளர் மேசையை விட்டு எழுந்து வந்தார். சைக்கிளைப் பார்த்து முகம் மலர்ந்தவர், சீட்டைப் பார்த்ததும் சுருங்கிப்போனார். விரல்களை வைத்து அளந்தார்.

"நாலு விரல் ஏத்தியிருக்கு. யார் பண்ணின வேலை?"

"நான்தான். எங்க உயரத்துக்குச் சரியா வெச்சேன்."

"உங்க உயரத்துக்கு எதுக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் பெரியவர் கண்காணிப்பாளரின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். உடனே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"வாங்கம்மா. நாப்பது வருஷமா கேக்கணும்னு இருக்கேன். அந்தக் கடைசி வளைவுல நீங்க பிரேக்கே பிடிக்கலையே, ஏன்?"

"பிடிச்சிருந்தா ரெண்டாவது வந்திருப்பேன்," என்றார் அம்மா.

அவர் காலில் கேன்வாஸ் ஷூ இருந்தது. கைப்பையைத் திறந்து பழைய சீட்டுக் கம்பியையும் ஸ்பானரையும் மணல் தாளையும் எடுத்தார். "நகருடா," என்றார்.

கண்காணிப்பாளர் அப்பாவைத் தேடினார். அப்பா காற்றடிக்கும் பம்பைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தார்.

"எத்தனை வாட்டி சொல்ல வந்தேன். எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாதுடா. உங்க அம்மாதான், 'அவனே கண்டுபிடிக்கட்டும், விடுங்க'ன்னுட்டா."

இரவெல்லாம் எண்ணெயில் ஊறிய கம்பி, அம்மா இரண்டு திருகு திருகியதும் கையோடு வந்தது. பழைய கம்பி பழைய அளவில் ஏறிற்று. பிரேக் வாய் மூடிற்று. ஒன்பது நிமிடம் ஆனதாகப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

இறுதியில் முடிவானது இதுதான்: வண்டியை அம்மா ஓட்டுவார். அன்றுபோலவே அப்பா பம்புடன் பின்னால் காரில் வருவார். மகன் தொடக்கக் கோட்டில் அட்டையைப் பிடித்து நிற்பார். அட்டையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவர் அதை மற்ற ஆறு பேரின் தலைக்கும் மேலே தூக்கிப் பிடித்தார். சங்கத்துக்கான புகைப்படம், வண்டிகள் பந்தயப் பாதையில் புறப்படுவதற்கு முன்பே எடுக்கப்படும்.

"ஏன் முன்னாடியே?" என்று மகன் கேட்டார். குரல் கரகரத்தது.

பெரியவர் தம் கைக்குட்டையை நீட்டினார். "போன தடவை ஜெயிச்சு வந்ததும் எடுக்கலாம்னு நின்னோம். ஒரு வயசுப் பிள்ளை ஒண்ணு வீல்னு அழுததுல, கோப்பையையும் வண்டியையும் உங்க அப்பா கையில திணிச்சுட்டு உங்க அம்மா ஓடிட்டாங்க. இந்தத் தடவையாவது படம் எடுக்கற வரைக்கும் அழாம இருங்க, தம்பி."