ஒன்பது மைக்ரோ செகண்டும் ஒரு கொக்கி டப்பாவும்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் சொல்லிக்கொள்ளும்படி எதையும் செய்துவிடவில்லை. சென்ற மாதம் செகந்திராபாத்தில் எங்கள் பேட்டை தர்ம ஆஸ்பத்திரி 'ஒன்பது மைக்ரோ செகண்டை' எட்டும்வரை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பதிந்து வைத்த நோயாளி விவரம் திரைக்கு வர ஆகும் நேரம் அது. நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் அது முப்பதாயிரம் முறை வந்துவிடுமாம். இமைக்கவே கூச்சமாக இருக்கிறது.

இந்தச் சாதனையின் சிற்பி ஜகதீசன். எங்கள் ரயில்வே காலனிப் பையன். பதவி, 'வாசிப்பு வேக அதிகாரி'.

சாதனையை நேரில் தரிசிக்கும் பேறு எனக்கு நாராயணசாமியால் கிடைத்தது. ஒர்க்‌ஷாப்பில் என்னோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவன். குடல் முறுக்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்ற நிலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் ஏதோ ஓர் ஊசி போட்டு, மூச்சு நின்று, பிழைத்து வந்தவன் அவன்.

"அது எந்த ஊசின்னு தெரியாம நான் எதையும் போட மாட்டேன்" என்றார் டாக்டர் ஷோபா.

"தண்ணி மாதிரி இருந்துச்சு டாக்டர்" என்று நாராயணசாமி தன்னாலான ஒத்துழைப்பைத் தந்தான்.

நோயாளிக்கு ஒரு துணைதான் என்பது விதி. அவன் மனைவி தாயம்மாளை வாட்ச்மேன் வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார். நான் ரெகார்டு அறைக்கு ஓடினேன்.

அங்கே திரை முழுக்க ஒரு கால் கட்டைவிரலின் எக்ஸ்ரே.

"யார் விரல், ஜகதீசா?"

"சேர்மன் சாரோடது அங்கிள். ஒரு தடவை படிச்சதைப் பெட்டி முன்னாடியே வச்சுக்கும், உள்ளே போய்த் தேடாது. அதனால சராசரி நேரம் குறையணும்னு இதையே படிக்கிறோம். தினம் நாப்பதாயிரம் தடவை."

"விரலுக்கு என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்கு."

நாராயணசாமி பெயரைச் சொன்னேன். ஜகதீசன் முகம் வெளுத்தது.

"பன்னெண்டு வருஷப் பழசா? அது போவன்பள்ளி கோடவுன்ல, வெங்காயக் கடைக்கு மேல, பழைய டிஸ்க்ல இருக்கு. எழுப்பிப் படிக்க நாப்பது நிமிஷம் ஆகும்."

"எழுப்பு."

"நக்கோ அங்கிள், வேணாம். நாப்பது நிமிஷம்னா இருநூத்து நாப்பது கோடி மைக்ரோ செகண்ட். மூணு மணிக்கு வேகச் சான்றிதழ் கமிட்டி வருது. சராசரி என்னாகும்?"

"நாராயணசாமி என்னாவான்?"

"அவரை நாளைக்கு வரச் சொல்லலாம். சராசரியை வரச் சொல்ல முடியுமா?"

நியாயம்தான். அந்த நியாயத்தோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். அதற்குள் வாட்ச்மேனைத் தாண்டித் தாயம்மாள் வந்து நின்றாள். ஒரு கையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கை, மறு கையில் சின்ன அட்டை டப்பா.

"என்னண்ணே, உள்ளே போனவரு இங்கயே குடித்தனம் வச்சுட்டீங்களா?"

"அன்னிக்குப் போட்ட ஊசி பேரு வேணும்மா. அதுக்குத்தான்."

டப்பாவிலிருந்த கொக்கிகளை முந்தானையில் கொட்டிக்கொண்டு, காலி டப்பாவை நீட்டினாள். "இந்தாங்க. அந்த ஊசி மருந்து வந்த டப்பா, அன்னிக்கு நர்சம்மா குப்பையில போட்டது. அட்டை கெட்டியா இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். பன்னெண்டு வருஷமா கொக்கி இதுலதான். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாசல்லயே குடுத்திருப்பேன்."

மருந்தின் பெயர் அதன்மேல் கொட்டை எழுத்தில் இருந்தது. டாக்டர் அதைத் தவிர்த்து வேறொன்றைப் போட்டார். சாயங்காலம் நாராயணசாமி கண் விழித்து டீ கேட்டான்.

மூன்று மணிக்கு வந்த கமிட்டி கட்டைவிரலைப் பத்து முறை படிக்கச் சொல்லிப் பார்த்து, சான்றிதழ் தந்து, முந்திரி பிஸ்கட் சாப்பிட்டுப் போயிற்று. விரலுக்குச் சந்தனம் வைக்காததுதான் குறை. மறுநாள் ஜகதீசன் பூரிப்போடு பட்டியலைக் காட்டினான். நாராயணசாமி: வாசிப்பு நேரம், சைபர்.

"நீ படிக்கவே இல்லையே?"

"படிக்காமலே கேஸ் முடிஞ்சா சைபர்தானே அங்கிள். சராசரி இன்னும் இறங்கிடுச்சு."

"தாயம்மா வராம, அந்த ஊசியையே போட்டிருந்தா?"

யோசித்தான், அதிகம் போனால் ஒன்பது மைக்ரோ செகண்ட்.

"அப்பவும் சைபர்தான் அங்கிள். அதுக்கப்புறம் அவர் ரெகார்டை யார் கேக்கப் போறாங்க?"