தம்பியின் காய்ச்சலையும் அத்தானே பார்த்த கதை

கடவுள் துணை.

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம் என்று தினமும் இரண்டு வேளை போனில் கேட்கும் நர்ஸ் பெண்ணிடம் சொல்லி வருகிறோம். உன் நலத்தையும் இந்த வீட்டிலிருந்தே சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. போனை அணைத்துவிட்டுத் தீவன அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டவனுக்குக் கடிதம் எழுதாமல் வேறென்ன செய்வது?

உன் பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாய்ச் செத்தபோது கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தவர் உன் அத்தான். அள்ளிப் போட ஆள் வேண்டும் என்றாயே தவிர, மூக்கை மூட ஒரு துணி கொடுத்தாயா? பறவைக் காய்ச்சல் என்று உறுதியானதும், கோழியைத் தொட்டவர்களையெல்லாம் பத்து நாள் கண்காணிக்கச் சுகாதாரத் துறையினர் பெயர் எழுதிக்கொண்டார்கள். அதில் உன் பெயருக்கும் எங்கள் வீட்டுப் போன் நம்பரையே கொடுத்திருக்கிறாய். என்ன மூளையடா உனக்கு. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, கண் சிவந்திருக்கிறதா என்று அந்தப் பெண் முதலில் இவரைக் கேட்பாளாம், அடுத்து உன்னைப் பற்றிக் கேட்பாளாம். இந்த மனுஷன் தெர்மாமீட்டரை உதறி, உனக்காக இன்னொரு தடவை தன் வாயிலேயே வைத்துக்கொள்வாராம். கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டால், "ஒரே கொட்டகையிலதானே நின்னோம், எனக்கு இருக்கறதுதானே அவனுக்கும் இருக்கும்" என்கிறார். உப்பு வாங்கினால்கூடக் கணக்கில் எழுதுகிறவள் நான். என் வீட்டிலேயே பொய்க் கணக்கு என்றால் சாமி முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்?

அதோடு விட்டாரா? தன் முட்டிவலி, ஏப்பம், மலச்சிக்கல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, உன் முறை வந்ததும் அதையே மறுபடி ஒப்பித்திருக்கிறார். நேற்று சுடச்சுடக் காப்பி குடித்த வாயோடு உன் காய்ச்சலைப் பார்த்தார், ஏறிவிட்டது. உன்னை அழைத்துப்போக எங்கள் வாசலில் ஆஸ்பத்திரி வண்டி வந்து நிற்க, இவர் போய் "ஆ" என்று வாயைத் திறந்து காட்டுகிறார். வண்டியில் வந்த நர்ஸ் பெண் பொறுமையாக, "பேரு வேற, வயசு வேற, முட்டிவலி மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கே அய்யா" என்றாள். என் மானம் கப்பலேறியது.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் ராத்திரி உன் பெண்டாட்டி போனில் அழுகிறாள்: உனக்கு நிஜமாகவே காய்ச்சலாம், கண் இரண்டும் சிவந்து கிடக்கிறதாம், மூச்சு வாங்குகிறதாம். ஆஸ்பத்திரியில் தனியாக அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, நீயே உன்னைத் தனியாக அடைத்துக்கொண்டிருக்கிறாய். உடனே மருந்து கொடுத்தால் பிழைக்கலாம், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். நீ எக்கேடு கெட்டுப் போனால் எனக்கென்ன என்று எழுதினேன், எழுதி அடித்துவிட்டேன்.

நீ இருக்கும் இடத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று சாமி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உன் பெண்டாட்டி சொன்னாள். சத்தியம் சத்தியம்தான். என்னால் அங்கு வந்து உன்னைக் கெஞ்சிக்கொண்டு நிற்கவும் முடியாது. நீயாகக் கதவைத் திறந்து போய்ச் சேர். இல்லையென்றால் இன்றோடு உனக்கு அக்கா கிடையாது.

உன் பெண்டாட்டிக்கு என் ஆசி. உனக்கான ஆசி காய்ச்சல் இறங்கிய பிறகு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: சத்தியத்தை நான் மீறவில்லை, வாயே திறக்கவில்லை. பண்ணையின் பின்பக்கம், தீவன அறை, இடதுபுறக் கதவு என்று உறையின்மேல் விலாசம் எழுதி நர்ஸ் பெண்ணின் கையில் கொடுத்தேன். இதைக் கதவுக்கு அடியில் தள்ளியவள் அவள்தான். அவளுக்குப் பின்னால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நிற்பது நான். திறடா.