ரூம்மேட் பாயும் மூணு அரபிகளும்

எங்க பிளாக்கிலேயே ஒத்தை ஆளாக் குடியிருந்து நாலு பேர் சத்தம் போட்ட ஒரே மனுஷன் ரூம்மேட் பாய்தான். கதவைத் தட்டினா உதட்டுல விரலை வச்சு, "மெதுவா பேசுங்க சார், ரூம்மேட் தூங்குறாப்ல" என்பார். உள்ளே எட்டிப் பார்த்தா ஈ காக்கா இருக்காது.

மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வெல்டர். அதுக்கு முன்னாடி குவைத்தில் ஏதோ ஒரு பேக்கரியில வேலை. ஒரே ரூமில் இவர், ஒரு எகிப்துக்காரன், ஒரு சிரியாக்காரன், ஒரு சூடான்காரன்.

கேட்டுக்கு வெல்டிங் வைக்கணும்னு ஒருநாள் உச்சி வெயில்ல போனேன். சுத்தி இருந்த குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் டூட்டிக்குப் போயிருந்தாங்க. பாய் வூட்டுக்குள்ள மட்டும் காரசாரமா நாலு பேர் பேச்சு. ஜன்னல்ல பார்த்தா பாய் மட்டும்தான். "இஸ்ஸய்யக்"னு எகிப்துக் குரல்ல நலம் விசாரிச்சார். அதையே "கீஃபக்"னு சிரியாவா மாறி இழுத்தார். சூடான் வந்ததும் குரல் கிணத்துக்குள்ள இறங்கிடுச்சு. அஞ்சடி மனுஷன், நெட்டை ஆளு மாதிரி நிலையில தலை இடிச்சுடும்னு குனிஞ்சு வெளியே வர்றார்!

"எல்லாம் அரபிதான் சார். நம்ம பிளாக்ல திருநெல்வேலிக்காரரும் கோயமுத்தூர்க்காரரும் பேசிக்கலையா?" என்றார். நான் கேட்டையே மறந்துட்டு வூடு வந்து சேர்ந்தேன்.

என் சம்சாரம் சும்மா இருப்பாளா? வாட்ஸ்அப் வந்த புதுசு வேற. "பேய் புடிச்ச ஆளைப் பக்கத்துல வச்சிகினு எப்படிங்க இருக்குறது?" சாயங்காலத்துக்குள்ள பிளாக் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் சேர்ந்து ஓதிப் பார்க்கப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டி வந்தோம்.

ஹஜ்ரத் வாசல்ல நின்னு காது கொடுத்துக் கேட்டார். "அரபிதான். ஆனா நான் ஓதுற அரபி இல்ல, கடைத்தெரு அரபி" என்றார். ஓத ஆரம்பிக்கிறதுக்குள்ள பாய் ஓடி வந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"வேணாம் ஹஜ்ரத். குவைத்துல ஒரு ராத்திரி ஊருக்குப் போன் பேச நான் வெளிய போயிருந்தேன். வர்றதுக்குள்ள ரூம் பத்திகினு எரிஞ்சிடுச்சு. மூணு பேரும் போயிட்டானுங்க. பேச்சு மட்டும்தான் எங்கிட்ட மிச்சம். அதையும் வெரட்டிட்டீங்கன்னா நான் யாரோட இருப்பேன்?"

ஹஜ்ரத் ஓதலை. வெறும் வூட்டைப் பார்த்து ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் வந்தது, மூணு குரல்ல. அப்போ பாய் துண்டால வாயைப் பொத்தி அழுதுகினு இருந்தார், சத்தியமாச் சொல்றேன்.

மறுநாள் காலைல சம்சாரம் தட்டுல நாலு டம்ளர் டீயோட நின்னா.

"ஏண்டி, நேத்து நீதானே பேய்னு சொன்னே?"

"பாவம், ஊரு விட்டு ஊரு வந்தவங்க. ஆறிப்போறதுக்குள்ள குடுத்துட்டு வாங்க."