எல்டோரெட் விமானத்தில் ஒரு தும்மல்

கப்சபெட்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் அன்பும் நிறைந்த தப்சுபெய் அக்காவுக்கு, தம்பி ஜெரமயா பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கு நான், மருமகள் ஜெப்கெமெய், புதிதாக வந்திருக்கும் பேத்தி, போன மாதம் ஈன்ற பசு, அதன் கன்று எல்லோரும் சௌக்கியம். மோசோரியோட்டில் நீயும் அத்தானும் உன் இடது முழங்காலும் சௌக்கியமாக இருக்கக் கடவுள் அருள் புரிவாராக.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் பக்கத்து வீட்டுக்காரியின் போனுக்கு அடித்து உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். என் குரலைக் கேட்டதும், உன் குரலிலேயே, "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாய். இனி என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சந்தையில் நாலு பேர் முன்னால் சொன்னாயாம். முகத்தில்தானே விழிக்கமாட்டாய், கடிதத்தில் விழிக்கலாம் என்று எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் கோபம் நியாயம்தான். என் பையன் கிபிவோட் மொம்பாசா துறைமுகத்தில் வேலைக்குப் போன நாளிலிருந்தே, அவன் பெண்டாட்டிக்குப் பிரசவம் நம் வீட்டில்தான் என்று நீ சொல்லி வைத்திருந்தாய். ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததும் நீ அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. நம் வீட்டில் வரிசையாக ஆண் பிள்ளைகளாகவே பிறந்து, செத்துப்போன அம்மா திரும்பி வர வழியில்லாமல் வாசலில் நிற்கிறாள், இப்போதாவது கதவு திறந்ததே என்று அழுதாய். பிறந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இறந்துபோன நம் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதும், எந்தப் பெயருக்குப் பிள்ளை தும்முகிறதோ அவளே திரும்பி வந்திருக்கிறாள் என்று அறிவிப்பதும் உன் வேலை. அம்மாவின் பெயரை முதலில் கூப்பிடுவதற்காக நீ வெந்நீர் குடித்துத் தொண்டையைப் பாதுகாத்து வந்ததும் எனக்குத் தெரியும். "வயிறு பெருசாகறதுக்கு முன்னாடியே பஸ்ல கூட்டிட்டு வந்துடுடா" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாய். நான் கேட்டேனா? பசு ஈனட்டும் என்றேன். பசு ஈன்றதும், மழை விடட்டும் என்றேன். கடைசியில் தேயிலை ஆலை வாசலில் நின்று, "விமானம்னு ஒண்ணு இருக்கும்போது பஸ் எதுக்கு? ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது. வயித்துல இருக்கிற பிள்ளை தூக்கத்துல புரண்டுகூடப் படுக்காது" என்று விமானத்தையே நான்தான் கண்டுபிடித்தவன் மாதிரி பேசினேன். அதுவரை நான் ஏறிய மிக உயரமான வாகனம் டிராக்டர்.

மொம்பாசா விமான நிலையத்தில் என் புத்தி வேலை செய்த அழகைக் கேள். நிறைமாதக்காரியை ஏற்றமாட்டார்கள் என்று கிபிவோட் எச்சரித்திருந்தான். அதனால் என் கம்பளிக் கோட்டை அவளுக்குப் போர்த்திவிட்டேன். வெளியே கோழி முட்டையை வைத்தால் வெந்துவிடும் வெயில். வாசல் காவலாளி, "அம்மாவுக்கு ஏன் கோட்டு?" என்றான். "குளிருது" என்றேன். "இங்கேயா?" என்றான். "லேசாக் காய்ச்சல்" என்றேன். "காய்ச்சல்னா டாக்டர் பாக்காம உள்ளே விடமுடியாது" என்றான். "காய்ச்சல் எல்லாம் இல்லப்பா, கோட்டு என்னோடது, பெட்டியில இடம் பத்தல" என்றேன். "அப்ப நீங்க போட்டுக்குங்க தாத்தா" என்று கழற்றி என் தோளிலேயே மாட்டிவிட்டான். ஆக, மறைக்கவேண்டியது வெளியே தெரிய, மறைக்க ஒன்றும் இல்லாத நான் வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன். சீட்டு கொடுக்கிற பெண் அவள் வயிற்றையும் என் கோட்டையும் பார்த்துவிட்டு, "எத்தனை மாசம்?" என்றாள். "ஆறு" என்றேன். பக்கத்தில் ஜெப்கெமெய் வாய்க்குள்ளே, "ஐயோ மாமா" என்றாள். "எங்க பக்கத்துப் பொண்ணுங்க பால் குடிச்சு வளர்ந்தவங்க கண்ணு, ஆறு மாசம்னா இந்த அளவு இருக்கும்" என்றேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவன் நான். அந்தப் பெண் முட்டி போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். பாவம், நம்பிவிட்டாள்.

அடுத்து, நம் புளித்த பால். வழியில் மருமகள் குடிக்கட்டும் என்று சுரைக்குடுவையில் கொண்டுவந்திருந்தேன். உள்ளே விடமாட்டேன் என்றார்கள். "குடிச்சு முடிங்க, இல்லாட்டிக் குப்பைத் தொட்டியில ஊத்துங்க" என்றாள் ஒருத்தி. நம் பாலைக் குப்பையில் ஊற்றுவதா? முழுக் குடுவையையும் அங்கேயே நின்று குடித்தேன். பின்னால் நின்ற வரிசை முழுவதும் நான் குடிப்பதைப் பார்த்தது. அதில் நின்ற நம் பக்கத்து ஓட்டப் பந்தயக்காரப் பையன்கள் நாலு பேர் கைதட்டினார்கள்.

விமானத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மாமனாரும் மருமகளும் தோளுரச உட்காருவது மரியாதையா? கோட்டைச் சுருட்டி நடுவில் மதில் மாதிரி வைத்தேன். விமானம் மேலே ஏறியதும் என் வயிற்றில் பால் உருள ஆரம்பித்தது. சற்று நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "மாமா, வலிக்குது" என்று ஒரு குரல். "எனக்கும்தாம்மா, பால் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு" என்றேன். "உங்களுக்கு இல்ல மாமா, எனக்கு! பனிக்குடம் உடைஞ்சிடுச்சு!" என்றாள்.

அக்கா, எனக்குக் கை கால் ஓடவில்லை. தலைக்கு மேல் இருந்த பொத்தான்களை எல்லாம் அமுக்கினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, காற்று மூஞ்சியில் அடித்தது. எழுந்தேன், மண்டை இடித்தது. முத்தேயு என்ற பணிப்பெண் ஓடிவந்து, "சார், பெல்ட் விளக்கு எரியுது, உக்காருங்க" என்றாள். "நான் உக்காந்துடுவேன் தாயி, பிள்ளை உக்காராது, அது இறங்கிட்டிருக்கு!" என்று கத்தினேன். அப்போதுதான் அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் ஒலிபெருக்கியில், "டாக்டரோ நர்ஸோ யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பின் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தாள். பெயர் அபொண்டி. கிசுமு பக்கத்து லுவோ இனத்துக்காரி, பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நல்ல ஆகிருதி. அவள் நடந்து வந்தபோது விமானம் அந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. வந்ததும் வராததுமாக, "யாரும்மா இந்தக் கோட்டுக்காரரு?" என்றாள். "என் மாமனார்" என்றாள் ஜெப்கெமெய். "அப்ப முதல்ல இவரை அந்தாண்ட தள்ளுங்க. மூச்சு விடக்கூட இடமில்லாம அடைச்சிட்டு நிக்கிறாரு" என்றாள். பிறகு எங்கள் முகங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்து, "உங்க ஆளுங்களுக்கு ஓடறதுக்குத்தான் அவசரம்னு நினைச்சேன், பொறக்கறதுக்குமா?" என்றாள். அந்த ஓட்டக்காரப் பையன்கள் நாலு பேரும் போர்வையை விரித்துப் பிடித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நான் அதில் ஒருவன் தோளைப் பிடித்துத் தொங்கினேன். "தாத்தா, தோளை விடுங்க, அடுத்த வாரம் எனக்குப் பந்தயம் இருக்கு" என்று கெஞ்சினான். உலகமெல்லாம் ஓடிப் பரிசு வாங்கியவனாம். ஜெப்கெமெய் ஒரு கத்து கத்தினதும் அவனே என்னைப் பிடித்துக்கொண்டான்.

பிள்ளை பிறந்தது. "பொண்ணு" என்றாள் அபொண்டி. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. விமானத்தின் இரைச்சல் மட்டும். நான் காத்திருந்தேன். பிள்ளை அழவில்லை, அக்கா. போர்வைக்கு அந்தப் பக்கம் அபொண்டி துடைப்பதும் தட்டுவதும் கேட்டது. "வாடி, வாடி செல்லம்" என்று அவள் சொல்வது கேட்டது. அவள் குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது. என் வாழ்க்கையில் அந்த மாதிரி பயந்ததில்லை. தேயிலை ஆலை வாசலில் நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கே திரும்பக் கேட்டது. அப்போது ஜெப்கெமெய் அழுதுகொண்டே, "மாமா, கூப்பிடுங்க! நம்ம பேருங்களைக் கூப்பிடுங்க! இங்க வேற யாரு இருக்கா?" என்றாள்.

ஆண்கள் கூப்பிடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? நம் குலத்துப் பெண் ஒருத்தியாவது அங்கே இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? போர்வையைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன். "தப்கிகென்! தப்கிகென்!" ஒன்றுமில்லை. பாட்டியைக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. பெரியம்மாவை, அவள் தங்கையைக் கூப்பிட்டேன். நல்லவர்கள் எல்லோரும் தீர்ந்துபோனார்கள். மிச்சம் இருந்தது அப்பாவின் தங்கை தப்ரந்திச் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் அவளையும் கூப்பிட்டேன். பிள்ளை தும்மியது! சின்னத் தும்மல், பூனைக்குட்டி மாதிரி. உடனே வீல் என்று அழுதது. விமானம் முழுக்கக் கைதட்டல். விமானிகூட ஏதோ வாழ்த்துச் சொன்னார். பயணத்தில் பிறந்ததால் செருட்டோ என்றுதான் பெயர் வைக்கவேண்டும் என்று ஒரு பையனும், இத்தனை விருந்தாளிகள் நடுவில் பிறந்ததால் செப்டூதான் சரி என்று இன்னொருவனும் எல்டோரெட்டில் சக்கரம் தரையைத் தொடும்வரை சண்டை போட்டார்கள். செருட்டோ என்று முடிவாயிற்று. அதில் சிக்கலில்லை. சிக்கல் அத்தைதான்.

நீ இப்போது பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. உன் கல்யாணப் பேச்சில், பரிசமாக எத்தனை மாடு என்று பேசும்போது, மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே, "இவளுக்கு வாய் நீளம், மாட்டைக் குறைச்சே குடுங்க" என்று சொன்னவள் அவள். அவர்களும் குறைத்தார்கள். யார் வீட்டு டீயையும் அவள் முகம் சுளிக்காமல் குடித்ததில்லை. அவள் சாவுக்கு நீ வரவில்லை, வந்தால் எழுந்துவிடுவாள் என்று சொன்னாய். அம்மா வருவாள் என்று நீ காத்திருந்த கதவு வழியாக இவள் நுழைந்துவிட்டாள், அதுவும் என் வாயால். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்தவர்கள் எல்லாம், முகம் சுளிப்பது அச்சு அசல் தப்ரந்திச் என்கிறார்கள். நான்தான் முதலில் சொன்னேன், பிறகு எல்லோரும் சொல்கிறார்கள்.

மறுபடி முறையாகக் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று நீ சொல்லி அனுப்பியதாகக் கேள்வி. வேண்டாம் அக்கா. காலில் விழுந்து கேட்கிறேன். அந்தப் பெயருக்குத்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அத்தையோ பேயோ, யாராக வந்திருந்தாலும் எனக்குச் சம்மதம். அந்த நேரத்தில் நம் வீட்டிலிருந்து வேறு யாரும் வரவில்லை, அவள் வந்தாள். அவளை இனிமேல் ஒரு குறை சொல்லமாட்டேன். நீயும் மனசு இறங்கி வந்து, பிள்ளையின் தலையில் கை வைத்து, நம் வழக்கப்படி துப்பி வாழ்த்திவிட்டுப் போ. என்னைத் திட்டுவதாக இருந்தால் அதற்கும் ஒரு முழு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப் பிள்ளைகளுக்கு ஆசிகள். உன் மாடுகள் பெருகட்டும், உன் முழங்கால் வலி என் எதிரிகளுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் மூளை கெட்ட தம்பி,
ஜெரமயா அராப் லெலெய்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், தப்பிருந்தால் திருத்தட்டும் என்று ஜெப்கெமெய்க்கு வாசித்துக் காட்டினேன். அத்தை வருகிற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், "ஐயோ தையல் பிரியுது மாமா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "முகஜாடையைப் பாத்துத்தான் எல்லாரும் அத்தைங்கறாங்கன்னு இருந்தேன், தப்ரந்திச்னு நீங்க ஒரு தடவைகூடக் கூப்பிடலையே மாமா" என்கிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அபொண்டிக்குப் போன் போட்டேன். "தப்ரந்திச்சா? அப்படி எதுவும் என் காதுல விழலையே. கடைசியில 'தப்சுபெய், தப்சுபெய், சீக்கிரம் வா, எனக்குப் பயமா இருக்கு'ன்னு சின்னப் பிள்ளையாட்டம் அழுதீங்க. அப்பத்தான் தும்மினா. யாருய்யா அது, உங்க பொண்டாட்டியா?" என்றாள். ஓட்டக்காரப் பையனும் அதையேதான் சொல்கிறான். அத்தையை நான் மனசுக்குள் நினைத்ததோடு சரி போலிருக்கிறது. வாய் உன்னைக் கூப்பிட்டிருக்கிறது.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. அத்தை வரவில்லை, அம்மாவும் வரவில்லை. வந்தது நீ, அதுவும் மோசோரியோட்டில் உயிரோடு உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே. உயிரோடு இருக்கிற ஆளுக்குத் தும்மிய பிள்ளையைப் பெரியவர்கள் யாரும் கண்டதில்லையாம். என்ன முறை செய்வது என்று கேட்டதற்கு ஒருவர், "உன் அக்காளுக்கு இது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "சொல்லித் தொலைக்காதே" என்றார். சொல்லிவிட்டேன். கூப்பிட்ட குரலுக்கு ஆகாயத்துக்கே வந்துவிட்டாய் அக்கா, கப்சபெட்டுக்கு வர உனக்கு என்ன கேடு?